கடைசி வீடு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தாத்தா சைக்கிளைத் திண்ணையிலிருந்து இறக்குவார். பச்சை நிற ராலி. பின்னால் கேரியரில் சாக்கை நாலாக மடித்துக் கட்டியிருக்கும். அது என் இருக்கை. ஹாண்டில்பாரில் மஞ்சள் துணிப்பை தொங்கும். பைக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு, முனை மழுங்கிய பென்சில், பலசரக்குக் கடைக்கு எழுதிய சீட்டுகள், காகிதப் பொட்டலத்தில் கொஞ்சம் சீனி மிட்டாய்.

"ஏல, வாறியா இல்லியா?"

கேள்வி மாதிரி இருக்கும், கேள்வி இல்லை. வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் வீடு பார்க்கப் போனால் ஒற்றை ஆளாகப் போகக் கூடாது, சோடியாகத்தான் போகவேண்டும். தாத்தாவோடு சோடி சேர்ந்திருந்த பெரியவருக்கு மூட்டுவலி. அவர் வராத வாரங்களில் நான்தான் சோடி. 1981ஆம் வருடம், எனக்கு ஒன்பது வயது. தெருவில் மற்ற பையன்கள் கோலி விளையாடிக்கொண்டிருப்பார்கள். நான் சாக்கின்மேல் உட்கார்ந்து, தாத்தாவின் வேட்டிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தூத்துக்குடி வெயிலில் போவேன்.

போகிற வழிதான் எனக்குப் பிடிக்காது. எங்களுக்கு மூன்று வீடுகள். அதில் ஒன்று அடுத்த தெருவிலேயே இருந்தது. அளத்து ஆச்சி வீடு. உப்பளத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, இரண்டு கண்ணும் மங்கி, தனியாகக் கிடந்தாள். ஒரே மகன் பம்பாய்க்குப் போனவன், கடுதாசியும் இல்லை, பணமும் இல்லை. அந்த வீட்டுக்கு முதலில் போய்விட்டு மற்ற இரண்டுக்கும் போனால் திரும்பும்போது நேரே வீட்டுக்கு வந்துவிடலாம், இருட்டுவதற்கு முன் ஒரு ஆட்டம் கோலியாவது கிடைக்கும். தாத்தா அப்படிச் செய்யமாட்டார். ஆச்சி வீட்டு வாசலைத் தாண்டித்தான் சைக்கிள் போகும். அவள் நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். செயின் சத்தம் கேட்டதும் முகம் திரும்பும். தாத்தா மணியை இரண்டு தடவை அடிப்பார். நிற்கமாட்டார்.

"நிக்கலியா தாத்தா?"

"வரும்போது."

ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு மைல், அப்புறம் கடற்கரைப் பக்கம் ஒரு மைல், அப்புறம் சுற்றிக்கொண்டு திரும்ப ஆச்சி வீடு. வட்டமாகப் போய் வருவதில் நேரம்தான் கூடுதல். ரயில்வே குட்ஸ் ஷெட்டில் காலமெல்லாம் கணக்கு எழுதின மனுஷருக்கு இந்தக் கணக்கு ஏன் தெரியவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

சபைக் கூட்டம் காலையில். முதல் பூசை முடிந்ததும் கோயிலை ஒட்டிய ஒரு அறையில் கூடுவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாம் வேட்டிக்காரர்கள். பள்ளிக்கூட வாத்தியார், துறைமுகத்தில் டாலி எழுதுகிறவர், ஒரு தையல்காரர், கொத்தனார் ஒருவர். சுவரில் ஒரு படம் தொங்கும். கறுப்பு அங்கி, தலையில் சின்னக் குல்லா, நரைத்த குறுந்தாடி, பெரிய மூக்கு, கையில் ஒரு குழந்தை, காலடியில் இன்னொரு குழந்தை. தன் பேரப்பிள்ளைகளோடு படம் பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளைக்காரத் தாத்தா என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பாரிஸ் தெருக்களிலும் கோயில் வாசல்களிலும் போட்டுவிட்டுப் போன பிள்ளைகளை எடுத்து வளர்க்க ஏற்பாடு செய்தவர் அவர் என்பது பிற்பாடுதான் தெரியும். சாமியாருக்குப் பேரன் எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

கூட்டத்தில் எனக்குப் பிடித்தது கடைசியில் வருகிற பை. கறுப்புத் துணியில் தைத்த சுருக்குப் பை. அது கைமாறிக் கைமாறிப் போகும். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு, விரித்துக் காட்டாமல் வெளியே எடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. போட்டாரா இல்லையா என்பதே தெரியாது. கையில் ஒன்றும் இல்லாதவரும் மூடிய கையை உள்ளே விட்டுத்தான் எடுக்கவேண்டும். ஒரு நாள் சன்னல் பக்கம் நின்ற என்னிடமும் தாத்தா பையை நீட்டிவிட்டார். சட்டைப் பையில் காசில்லை. வெறும் கையை விட எனக்குத் தைரியம் வரவில்லை. சட்டையின் கீழ்ப் பொத்தான் ஏற்கெனவே நூலில் ஆடிக்கொண்டிருந்தது. பிய்த்து உள்ளே போட்டுவிட்டேன். பொருளாளர் கொட்டி எண்ணினார். நிதானமாகச் சொன்னார்: "பதினோரு ரூவா நாப்பது பைசா. ஒரு சட்டைப் பொத்தான்." யாரும் சிரிக்கவில்லை. யாரும் யார் சட்டையையும் பார்க்கவில்லை. அப்படியே நோட்டிலும் எழுதினார்களாம், பொத்தான் ஒன்று என்று. வீட்டில் அம்மாதான் கண்டுபிடித்து முதுகில் வைத்தாள்.

முதல் வீடு உப்பளத் தொழிலாளி குடும்பம். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் அளத்துக்குப் போகிறவர்கள், ஐந்து பிள்ளைகள். தூத்துக்குடி உப்பைப் பற்றி ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்தது அதன் வெள்ளை மட்டும்தான். பாத்தியில் தண்ணீர் கட்டி, வெயிலில் சுண்டவிட்டு, அடியில் படிந்ததை வாருபலகையால் வாரிக் கரையில் குவிப்பது ஒரு வேலை. அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து தட்டுமேட்டில் கொட்டுவது இன்னொரு வேலை. மேலே ஒரு வெயில், கீழே உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில் ஒன்று. பாதத்தில் வெடிப்பு விழுந்தால் அதற்குள் உப்புத் தண்ணீர் போகும். அந்த அம்மா உட்கார்ந்து பேசும்போது கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் அளத்தில் வேலை இல்லை. பாத்தியெல்லாம் குளம். மூன்று மாதம், சில வருடம் அதற்கு மேலும், கூலி இல்லாமல் உட்கார்ந்திருக்கவேண்டும். சபையின் சீட்டுக் கட்டு கரைவது அந்த மாதங்களில்தான். சீட்டைக் கடையில் கொடுத்தால் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய்க்குச் சில்லறை. கடைக்காரருக்கு மாதக் கடைசியில் சபை கொடுத்துவிடும்.

சீட்டைக் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். தாத்தா அரை மணி நேரம் உட்காருவார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே போய், அவர்கள் எதில் உட்காரச் சொல்கிறார்களோ அதில். அந்த வீட்டில் அது ஒரு கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின். சில வாரம் வெறும் தரை. சீட்டு உடனே வெளியே வராது. போன வாரம் மூத்தவனுக்குக் காய்ச்சல் என்றாளே, விட்டதா? அளத்தில் புதுக் கங்காணி எப்படி? கிணற்றில் தண்ணீர் நல்லதா உப்பா? பேசிப் பேசி, கிளம்பும்போதுதான் சீட்டு, அதுவும் மடித்து, டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்திருப்பார். கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை.

டம்ளர் என்றேன். கருப்பட்டிக் காப்பி வரும். எத்தனை வறுமையிலும் வரும். நசுங்கிய அலுமினிய டம்ளர், விளிம்பில் கறை. தாத்தா ஊதி ஊதிக் கடைசிச் சொட்டு வரை குடிப்பார். ஒரு நாள் எனக்கு நீட்டிய டம்ளரில் ஒரு எறும்பு மிதந்தது. "எனக்கு வேண்டாம், வயிறு வலிக்கு" என்றேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது ரயில்வே கேட் அடைத்திருந்தது. உப்பு ஏற்றிய குட்ஸ் வண்டி. மீட்டர் கேஜ் வண்டிகளுக்கு அவசரம் என்பதே கிடையாது. தாத்தா ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"படத்துல இருக்காருல்லா, வின்சென்ட். சின்னப் பையனா இருக்கும்போது ஆடு மாடு மேய்ச்ச வீடு அவரு வீடு. பன்னியும் மேய்ச்சிருக்காரு. தகப்பன் கஷ்டப்பட்டு டவுன் பள்ளிக்கூடத்துல சேத்தாரு. ஒரு நாள் மகனப் பாக்கணும்னு வந்து வாசல்ல நிக்காரு. கால் கொஞ்சம் நொண்டி. சட்டை கந்தல். மகன் என்ன செஞ்சான் தெரியுமா?"

எனக்குத் தெரியும் போலத்தான் இருந்தது. சொல்லவில்லை.

"வெளிய வரல. கூடப் படிக்கிறவன் பாத்துருவானேன்னு வெக்கம். தகப்பன் அப்படியே திரும்பிப் போனாரு." வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டிருந்தன. "பெரிய ஆளாயி, ராசா வீட்டு வரைக்கும் போய், சாவுக்கு ஒரு வருஷம் முன்னாடி, கூட இருந்த சாமிமார்கிட்ட அதச் சொல்லி வருத்தப்பட்டிருக்காரு. அறுவது வருஷத்துக்கு மேல அது உள்ளயே கெடந்திருக்கு."

கேட் திறந்தது. மிதிக்க ஆரம்பித்த பிறகு கேட்டார்: "நீ வேண்டாம்னு சொன்ன காப்பிய அந்தம்மா என்ன செஞ்சிருப்பா?"

"கீழ ஊத்தியிருப்பா."

"கருப்பட்டி போட்டது. ஊத்தமாட்டா. அவளே குடிச்சிருப்பா."

அவ்வளவுதான் சொன்னார்.

எங்கள் வீட்டில் இருந்த பழைய புனிதர் சரிதைகளில் வருகிறவர்கள் எல்லாம் தொட்டிலிலேயே புனிதர்கள். பால்குடிக்கிற வயதிலேயே வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருந்த நிக்கோலாஸ் கதையை எங்கள் ஆச்சி எத்தனையோ தடவை வாசித்துக் காட்டியிருக்கிறாள். கேட்கும்போது கை கூப்பத் தோன்றும். நாமும் அப்படி ஆகலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அப்பனைப் பார்த்து வெட்கப்பட்ட ஒருவர் அந்தப் படத்துக்குள் இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் நான் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். 1581இல் பிரான்சின் தென்மேற்கு மூலையில் பூய் என்ற கிராமத்தில் குடியானவர் வீட்டில் பிறந்து, 19 வயதில், 1600இல், குருப்பட்டம் வாங்கியபோது அவருக்கு இருந்த ஆசை ஒரு நல்ல வருமானமுள்ள கோயில் கிடைக்கவேண்டும், வீட்டைத் தூக்கி நிறுத்தவேண்டும் என்பதுதான். நம் ஊரில் அரசாங்க உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதுகிற பையனின் ஆசைதான். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இரண்டாவது வீட்டில் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து இடுப்பு ஒடிந்த ஒருவர் படுத்திருந்தார். சுவரில் திருச்செந்தூர் முருகன் காலண்டர். தாத்தா அங்கே யேசுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. ஆவணித் திருவிழாவுக்குக் கூட்டம் எப்படி, பச்சை சாத்தி அன்றைக்கு மழை பெய்ததாமே என்றுதான் பேச்சு. அவர் மனைவி தாத்தாவை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அந்த வீட்டில் நாங்கள் சீக்கிரம் எழுந்துவிடுவோம். அம்மா, தங்கை, மச்சினன் என்று எப்போதும் ஆள் இருக்கிற வீடு.

அளத்து ஆச்சி வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்திருக்கும். அதாவது மற்ற வீடுகளில். அவளுக்கு விளக்கு எதற்கு? தாத்தாதான் சிம்னி விளக்கைத் துடைத்து ஏற்றுவார். பிறகு சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்துகொள்வார். மற்ற வீடுகளில் நிமிர்ந்து உட்காருகிறவர் இங்கே மட்டும் அப்படி. சீனி மிட்டாய்ப் பொட்டலம் ஆச்சிக்குத்தான் என்று தெரிய எனக்குச் சில வாரம் ஆயிற்று. இரண்டு பேரும் பேசுவதில் எனக்கு விளங்கியது குறைவு: துபாஷ் ஒருவர், பழைய துறைமுகத்தில் நின்ற கப்பல், யாரோ ஒருத்தியின் கல்யாணத்தில் பந்தி தீர்ந்துபோன கதை. பாதி நேரம் இரண்டு பேரும் பேசாமலே இருப்பார்கள். நான் சாக்குப் படுதாவின் ஓட்டையை எண்ணிக்கொண்டிருப்பேன். மணி எட்டாகும். "போட்டுமா?" என்று தாத்தா கேட்பார். "இருங்க, இப்பத்தான வந்தீக" என்பாள். தாத்தா இருப்பார்.

அடுத்த வருட மழையில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். முதல் வீட்டுப் பையன்களில் ஒருவன் என் வகுப்பு. கோலியில் என்னிடமிருந்து ஆறு கோலியை ஜெயித்துவிட்டான். கள்ள ஆட்டம் என்றேன் நான். "போல" என்றான். எல்லாப் பையன்களும் கேட்கும்படி, "உங்க வீட்டுக்கு அரிசி எங்க தாத்தாதாம்ல குடுக்காரு" என்று சொன்னேன். அவன் ஜெயித்த கோலிகளைக் கீழே போட்டுவிட்டுப் போனான். ஆறும் எனக்குக் கிடைத்தன.

அந்த ஞாயிறு, குடையோடு போனோம். அந்த அம்மா வாசலிலேயே நின்றாள். "அண்ணாச்சி, இந்த வாரம் சீட்டு வேண்டாம். மழைதான் விட்டுட்டே." அவள் சொல்லும்போது கூரை ஓலையிலிருந்து தண்ணீர் அவள் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. உட்காரச் சொல்லவில்லை. காப்பி இல்லை. தாத்தா "சரி தாயி" என்றார். கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "என்ன சொன்ன?" என்றார். எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சொன்னேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. விழுந்திருந்தால் அது அன்றோடு போயிருக்கும்.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து சொன்னதைச் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். "ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடும்பத்த வேற சோடி பாக்கட்டும். நான் இனிமேப் போறது சரியில்ல. எங்க வீட்டுலருந்து ஒரு வார்த்தை வெளிய போயிட்டு." யாரும் விவரம் கேட்கவில்லை. பொருளாளர் குறித்துக்கொண்டார், பொத்தானைக் குறித்துக்கொண்டது போல. தையல்காரரும் வாத்தியாரும் அந்த வீட்டை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் சீட்டு மறுபடியும் போக ஆரம்பித்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் தாத்தா அந்தப் படியை அப்புறம் மிதிக்கவில்லை. அவருக்கு அந்த டின்மேல் உட்காருவது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

என்னை இனிமேல் கூட்டிப்போக மாட்டார் என்று நினைத்தேன். சந்தோஷமா வருத்தமா என்று சொல்லத் தெரியாத நினைப்பு. ஞாயிறு நாலு மணிக்குச் சைக்கிள் இறங்கியது. "ஏல, வாறியா இல்லியா?"

சபையை ஆரம்பித்த பிரெடெரிக் ஓசனாம் கதையை அவர் சொன்னது அந்த நாட்களில்தான். 1833 ஏப்ரல் 23, பாரிஸ். அன்றைக்கு ஓசனாமுக்கு இருபது வயது நிறைகிறது, சட்டம் படிக்கிற மாணவன். அதற்கு முந்தின வருடம்தான் காலரா அந்த நகரத்தை வாரிப்போயிருந்தது. உங்கள் திருச்சபை ஒரு காலத்தில் பெரிய காரியங்கள் செய்தது சரி, இன்றைக்கு என்ன செய்கிறீர்கள் என்று உடன் படிக்கிற ஒருவன் கேட்டுவிட்டான். பதில் சொல்வதற்குப் பதிலாக ஐந்தாறு பேர் கூடினார்கள்; அவர்களில் இரண்டு பேர் தங்களிடம் இருந்த விறகைத் தூக்கிக்கொண்டு ஒரு ஏழை வீட்டு மாடிப்படி ஏறினார்களாம். எந்தெந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று வழிகாட்டியது வின்சென்ட் ஏற்படுத்திய சகோதரிகள் சபையைச் சேர்ந்த ரோசலி என்ற கன்னியாஸ்திரி. தாத்தாவுக்கு விறகுதான் முக்கியம். "அவனுகளும் குளிர்லதாம்ல இருந்தானுக" என்பார்.

நான் சென்னைக்கு வந்து, கல்யாணமாகி, ஞாயிறு பூசைக்கே பாதி நாள் போகாதவனாக இருந்து, நாற்பது வயதில் எங்கள் பங்கின் சபையில் சேர்ந்தேன். பக்தி முற்றிச் சேரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சோடிக்கு ஆளில்லை என்றார், எனக்கு அந்த வார்த்தை பழக்கமாக இருந்தது. கூட்டத்தில் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு பக்கம் வாசிப்பார்கள். ஒரு நாள் வாசித்தது 1617இல் ஷாத்தியோன் என்ற சிற்றூரில் வின்சென்ட் எழுதிக்கொடுத்த விதிமுறை.

அந்தக் கதை தெரிந்ததுதான். ஊருக்கு வெளியே ஒரு குடும்பமே நோயில் விழுந்து கிடக்கிறது என்று ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில் பிரசங்கத்தில் சொன்னார். அன்று மதியம் அவர் அந்த வீட்டுக்கு நடந்தபோது வழியெல்லாம் பெண்கள் கூட்டம், கூடையும் தூக்குமாகப் போகிறவர்களும் வருகிறவர்களும். சந்தோஷப்படவேண்டிய இடத்தில் அவருக்குக் கவலை வந்தது. இன்றைக்கு இத்தனையும் தின்ன முடியாது, கெட்டுப்போகும். நாளைக்கு? நாளைக் கழித்து? மூன்றே நாளில் சில பெண்களைக் கூட்டி, ஆளுக்கு ஒரு நாள் முறை என்று வைத்தார். புனிதர் என்றால் கண்ணீரும் தரிசனமும் என்று நினைக்கிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். எனக்கென்னவோ, மீந்துபோகிற சோற்றைப் பற்றி யோசித்த அந்த நிமிஷம்தான் அவர் வாழ்க்கையிலேயே பெரிய நிமிஷம்.

விதிமுறையில் எல்லாம் சின்னச் சின்ன விஷயம். நோயாளியைச் சிரித்த முகத்தோடு கும்பிட்டு ஆரம்பிக்கவேண்டும். கட்டிலில் பலகை வைத்துத் துணி விரிக்கவேண்டும். கிண்ணம், கரண்டி, ரொட்டி. கை கழுவ விட்டு, இறைச்சியைத் துண்டு போட்டுக் கொடுக்கவேண்டும், மகனுக்குத் தாய் செய்கிற மாதிரி. முகம் வாடியிருந்தால் இரண்டு வார்த்தை பேசித் தேற்றவேண்டும். வாசித்தவர் ஒரே தொனியில் போய்க்கொண்டிருந்தார். பிறகு இது வந்தது: பக்கத்தில் துணைக்கு ஆள் இருக்கிற நோயாளியிடம் முதலில் போகவேண்டும், யாருமில்லாமல் தனியாக இருப்பவரிடம் கடைசியில் போகவேண்டும், அவரோடு கூடுதல் நேரம் இருப்பதற்காக.

ஒரு நிமிஷம் என் காதில் வேறொன்றும் விழவில்லை, செயின் சத்தத்தைத் தவிர. இரண்டு தடவை மணி.

எட்டாவது வரை படித்த தாத்தாவுக்கு இது எப்படித் தெரியும்? தியானம் கொடுக்க வந்த ஏதோ ஒரு சாமியார் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லாமல் அவராகவே கண்டுபிடித்திருக்கவும் செய்யலாம். அவரிடமே கேட்டிருக்கவேண்டும். ஒன்பது வயதில் நான் கேட்ட கேள்வி "நிக்கலியா தாத்தா" என்பது மட்டும்தான்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் ஊருக்குப் போனேன். உப்பளம் எது, கடல் எது என்று தெரியவில்லை. குவித்து வைத்திருந்த உப்பெல்லாம் வந்த வழியே போய்விட்டது. பெரிய ரோட்டோரம் இருந்த தெருக்களில் சோற்றுப் பொட்டலம் வேண்டாம் வேண்டாம் என்று கும்பிட்டார்கள். ஒரே மத்தியானத்தில் மூன்று வண்டி. இறங்குவார்கள், கொடுப்பார்கள், கொடுக்கும்போது போட்டோ எடுப்பார்கள், வாங்குகிறவரையும் சிரிக்கச் சொல்வார்கள். வாய்க்காலில் புளித்த சாம்பார் சாதம் மிதந்தது. ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, முழங்கால் தண்ணீருக்கு அப்பால், அடுப்பு நனைந்து கிடந்த வீடுகளுக்கு ஒன்றும் போகவில்லை. கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அவர்களாவது வந்தார்கள். ஆனால் ஷாத்தியோன் ரோட்டில் நிற்பது போலவே இருந்தது.

நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். சபைக்காரர்கள் நாலு பேரும், தெரிந்த பையன்கள் சிலரும் உட்கார்ந்து, பொங்கல் வரைக்கும் தேதி போட்டோம். ஒரு தேதிக்கு ஒருவர். கடைக்குச் சீட்டு. சீட்டு என்றதும் பையன்கள் சிரித்தார்கள், இப்போதெல்லாம் போனிலேயே பணம் போட்டுவிடலாமே என்றார்கள். போடலாம்தான். கடைக்காரருக்கு அப்படித்தான் போட்டோம். வீட்டுக்கு மட்டும் ஆள் போகட்டும் என்று பிடிவாதம் பிடித்தேன், இரண்டு இரண்டு பேராக. அதில் ஒரு பையன் முதல் நாள் ஐந்து நிமிஷத்தில் திரும்பிவிட்டான். "குடுத்தாச்சு அண்ணாச்சி, அப்புறம் என்ன செய்ய?" என்றான். காப்பி கொடுத்தார்களா என்று கேட்டேன். கொடுத்தார்களாம். குடித்தாயா என்றேன். தலையைச் சொறிந்தான்.

தாத்தாவின் கடைசி வருடத்தைப் பற்றி ஒன்று இருக்கிறது. 1991. அதற்குள் அப்பாவுக்குத் திருச்சிக்கு மாற்றலாகி நாங்கள் எல்லாரும் போய்விட்டோம். எங்கள் ஆச்சி இறந்துபோயிருந்தாள். கூட வாருங்கள் என்று அப்பா எவ்வளவோ கூப்பிட்டும் தாத்தா அசையவில்லை. பக்கவாதம் வந்து இடது கை விழுந்த பிறகும் அந்த வீட்டிலேயே இருந்தார். காலையில் ஒரு அம்மா வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாள். அளத்து ஆச்சி போய் நாலைந்து வருடமாகியிருந்தது. ராலி சைக்கிள் திண்ணையில் சுவரோடு சாய்ந்து நின்றது, டயரில் காற்றில்லை.

கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. சட்டை மாற்றித் தன்னைத் திண்ணையில் உட்காரவைக்கச் சொன்னார் தாத்தா. பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். நாலரை மணி இருக்கும். தெருமுனையில் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள், ஹாண்டில்பாரில் துணிப்பை. ஒருவர் எனக்குத் தெரிந்த கொத்தனார், தலை நரைத்திருந்தது. இன்னொருவர் சின்ன வயசு. வீட்டை நெருங்கியதும் தாத்தா நிமிர்ந்தார். கொத்தனார் மணியை இரண்டு தடவை அடித்தார். நிற்காமல் போய்விட்டார்கள்.

"என்ன தாத்தா, பாத்துட்டும் நிக்காமப் போறாங்க?"

"வருவாங்க" என்றார்.

விளக்கு வைக்கும் நேரமாயிற்று. நான் காப்பி போட்டு எடுத்துவந்தேன், வேண்டாம், அவர்கள் வந்ததும் சேர்ந்து குடிக்கலாம் என்றார். கொசு கடித்தது. உள்ளே போகலாமா என்று கேட்டேன், தலையை ஆட்டினார். ஏழரைக்கு மேல் செயின் சத்தம் கேட்டது. கொத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். தாத்தா கோணிய வாயால், ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துக் கேட்டார்.

"இன்னும்... எத்தன வீடு... பாக்கி?"

"ஒன்னும் இல்ல அண்ணாச்சி. இதான் கடைசி."

நான் காப்பியைச் சுடவைக்க உள்ளே போனேன்.